போன், போலீஸ், சென்சார்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 2006 முதல் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இப்போது பிரவுசிங்குக்கு வருகிறவர்கள் அபூர்வம். ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம், பட்டா நகல், தேர்வு முடிவு என்று கடை ஓடுகிறது. பிரிண்ட் வரும்வரை நிற்கிறவர்கள் போனை நீட்டி ஏதாவது கேட்பார்கள். "இதை ஃபார்வர்டு பண்ணலாமாக்கா? கேஸ் வருமா?" இருபது வருடத்தில் இந்தச் சந்தேகங்களை இத்தனை முறை கேட்டாகிவிட்டதால், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகள் பற்றிய விஷயங்களைச் சித்தி மகன் ஒருவன், வக்கீல், படித்துத் திருத்திக் கொடுத்தான். கருத்துகள் எல்லாம் என்னுடையவை.

"சென்சார்னா சினிமாவுக்குத்தானக்கா? போனுக்கும் இருக்கா?"

சினிமாவுக்கு இருப்பது முன்கூட்டியே பார்க்கிற முறை. படம் திரைக்கு வரும் முன் வாரியம் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். 1983இல் அந்த வாரியத்தின் பெயரிலிருந்தே 'தணிக்கை'யை எடுத்துவிட்டு 'சான்றிதழ்' என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் நம் ஊரில் இன்றும் சென்சார் போர்டுதான். ஓ.டி.டி.யில் வரும் தொடர்களுக்கு அந்த முன்சான்றிதழ் கிடையாது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்தான் பொருந்தும்.

நீங்கள் போனில் எழுதுவதை யாரும் முன்கூட்டியே பார்த்து முத்திரை குத்துவதில்லை. எழுதிய பிறகுதான் கைவைப்பார்கள். கைவைக்கிறவர்கள் பலர்: மத்திய அரசு, மாநிலப் போலீஸ், நீதிமன்றம், அந்த ஆப்பை நடத்தும் கம்பெனி. கடைசியாக, பயந்துபோய் நாமே அழிப்பது. இதில் யார் செய்தது என்று தெரியாமல் யாரைக் கேட்பது? பதில்கள் நெடுக நான் இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்: யார் உத்தரவு, எந்தச் சட்டம், அந்தத் தாள் எங்கே?

"பேச்சு சுதந்திரம்னு அரசியல் சட்டத்துலயே இருக்குல்லா? அப்புறம் எப்படி தடுக்காங்க?"

இருக்கிறது, 19(1)(அ). அதற்குக் கீழேயே 19(2) என்று, எந்தெந்தக் காரணத்துக்காகக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலும் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இவ்வளவுதான். 'ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்கவில்லை' என்பது இதில் இல்லை.

'பொது ஒழுங்கு' என்ற சொல் அந்தப் பட்டியலுக்குள் வந்த கதையில் நம் மாகாணத்துக்குப் பங்கு உண்டு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை இங்கே வரக்கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது; பொது ஒழுங்கு என்ற காரணமே அரசியல் சட்டத்தில் இல்லையே என்றது. அடுத்த வருடமே முதல் திருத்தம் கொண்டுவந்து அதைச் சேர்த்துவிட்டார்கள். 'நியாயமான கட்டுப்பாடு' என்ற சொற்களும் அப்போது வந்தவைதான். அந்த 'நியாயமான' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வழக்காடுகிறோம்.

இன்னொன்றும் நம்மூர் வழக்குதான். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது, வெளியிடாதே என்று சிறைத்துறை கடிதம் எழுதியது. 1994இல் உச்ச நீதிமன்றம், வெளிவரும் முன்பே தடுக்கிற அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை, அவதூறு என்றால் வந்த பிறகு வழக்குப் போடு என்றது. 'முதலில் தடு, பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வரும்.

"ஒரு சைட்டு திறக்கவே மாட்டேங்குது. தடுத்துட்டாங்களா, நம்ம நெட்டு சரியில்லையா?"

முதலில் வேறு சிம்மில் போட்டுப் பாருங்கள். வைஃபையில் வராதது டேட்டாவில் வரலாம். ஒரு கம்பெனி நெட்டில் மட்டும் வராமல் இன்னொன்றில் வந்தால், தடை உத்தரவு அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்று இருக்கலாம், அல்லது வெறும் கோளாறாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே திறந்து இங்கே எந்த நெட்டிலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் தடைதான்.

எக்ஸ், யூடியூப் போன்றவற்றில் 'சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் நல்லது. யார் செய்தது என்று ஒரு துப்பாவது கிடைக்கிறது. சும்மா சுற்றிக்கொண்டே இருந்து 'பக்கத்தைத் திறக்க முடியவில்லை' என்று வருவதுதான் மோசம். வாசிக்க வந்தவர் தன் போனைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். தடை என்று தெரியவே தெரியாது.

"தடுக்கதுக்கு உத்தரவு போடுறது யாருக்கா?"

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு. மத்திய அரசு உத்தரவு போடும். இதற்கு 2009இல் விதிகள் வகுத்தார்கள்: கோரிக்கை வரும், பல அமைச்சகங்களின் அதிகாரிகள் சேர்ந்த குழு பார்க்கும், துறைச் செயலாளர் ஒப்புதல் தருவார். அவசரம் என்றால் முதலில் தடுத்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களை நிறுத்தியது இந்தப் பிரிவின் கீழ்தான். மறுநாள் கடையில் ஒரு பெண் வந்து, தன்னுடைய முந்நூறு வீடியோவையும் எப்படி இறக்கி வைப்பது என்று கேட்டு அழுதாள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஏற்கவே முடியாதது 16ஆம் விதி. தடை கேட்ட புகாரும் எடுத்த நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது அது. உச்ச நீதிமன்றம் 2015இல் 69ஏ செல்லும் என்று சொன்னபோது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னது. எழுதச் சொல்வது ஒரு பக்கம், எழுதியதைப் பூட்டி வைப்பது ஒரு பக்கம். கையில் உத்தரவு இல்லாமல் எதை எதிர்த்து மனுப் போடுவது?

இன்னொரு வழியும் இருக்கிறது, அதே சட்டத்தின் 79(3)(பி). அது, அரசு சொன்ன பிறகும் எடுக்காவிட்டால், 'யாரோ எழுதியதற்கு நான் பொறுப்பில்லை' என்று கம்பெனிக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று சொல்கிற பிரிவு. உள்துறை அமைச்சகத்தின் 'சஹயோக்' தளம் வழியாக இதன் கீழ் நோட்டீஸ் போகிறது. குழு, விசாரணை என்று 69ஏ-வில் இருக்கும் கொஞ்சநஞ்சப் படிகள்கூட இதில் இல்லை. எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் போய், 2025 செப்டம்பரில் தோற்றது. அடுத்த மாதமே அரசு விதியைத் திருத்தி, இணைச் செயலாளர், போலீஸில் டி.ஐ.ஜி. போன்ற பதவிகளுக்குக் குறையாதவர்தான் நோட்டீஸ் அனுப்பலாம் என்றது. பதவியை உயர்த்தியது சரி. ஆனால் பதிவு எழுதியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பேச்சையே காணோம்.

"விகடன் சைட்ட ஏன் நிப்பாட்டுனாங்க? அப்புறம் எப்படி வந்துச்சு?"

2025 பிப்ரவரியில் அமெரிக்கா நம் ஆட்களைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் திருப்பி அனுப்பியது. அதைப் பற்றி 'விகடன் பிளஸ்' மின்னிதழில் ஒரு அட்டைப்படக் கார்ட்டூன்: டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல. தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை மத்திய அரசிடம் புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 சாயங்காலமே பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. முறையான தடை உத்தரவு வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. ஒரு கார்ட்டூனுக்காக ஒரு செய்தி நிறுவனத்தின் மொத்தத் தளமும் போனது.

விகடன் சென்னை உயர் நீதிமன்றம் போனது. மார்ச் 6 அன்று, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவையுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று இடைக்கால உத்தரவு வந்தது. தளம் திரும்ப வந்ததில் எனக்குச் சந்தோஷம். கார்ட்டூனை எடுக்கச் சொன்னதில் வருத்தம். அந்தப் படம் எந்த நாட்டு உறவைக் கெடுத்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

விகடனுக்கு இது புதிதும் இல்லை. 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் விட்டார்கள். அன்றைக்கு யார் தண்டித்தார்கள், எதற்கு என்று நாடே பேப்பரில் படித்தது. 2025இல் பத்து நாள் வாசகர்கள் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம் பயம் தருகிறது.

"ஃபேஸ்புக்ல கவர்மெண்ட திட்டினா போலீஸ் தூக்கிரும்னு சொல்லுதாங்களே?"

ஒரு காலத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்ற பிரிவு இருந்தது. 'எரிச்சலூட்டும்', 'அசௌகரியம் தரும்' என்றெல்லாம் இருக்கும் அதில். அப்படி அனுப்பினால் மூன்று வருடம் வரை சிறை. 2012இல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில் நடத்துபவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்குக் கைதானார். அதே வருடம் மகாராஷ்டிரத்தில் பால்கரில், பால் தாக்கரே இறந்ததற்காக நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை அடியோடு ரத்து செய்தது. அப்படியும் பல ஸ்டேஷன்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவாகிக்கொண்டே இருந்ததை 2021இல் அதே நீதிமன்றம் கேட்டு அதிர்ந்தது.

ஆகவே திட்டுவது குற்றமில்லை. ஆனால் வேறு பிரிவுகள் இருக்கின்றன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் 196 பகைமை வளர்ப்பது, 353 பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு, 356 அவதூறு. சாதி, மதம், ஒருவரின் வீட்டுப் பெண்கள் என்று போனால் மாட்டுவீர்கள். ரோடு போடவில்லை, குடிநீர் வரவில்லை, மந்திரி பொய் சொல்கிறார் என்று எழுதுவது உங்கள் உரிமை. ஆதாரத்தோடு எழுதுங்கள், அவ்வளவுதான்.

"நான் எழுதலக்கா, வந்தத ஃபார்வர்டுதான் பண்ணேன். என்மேல எப்படி கேஸு?"

இந்த நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள். தமிழகத்தில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ., பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்திய பதிவு ஒன்றை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். யாரோ எழுதியது, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் சரியாகப் படிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்தார்கள், அங்கேயும் எடுபடவில்லை.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன். அவர் சொன்னால் கேட்க ஆயிரம் பேர் இருக்கும்போது, பகிர்வதும் பேசுவதுதான்.

"நான் குரூப் அட்மின். எவனோ போட்டதுக்கு நான் உள்ள போகணுமா?"

அட்மின் என்பதற்காக மட்டும் இல்லை. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கின்றன. நம் மதுரைக் கிளையில் 2021 டிசம்பரில், கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குரூப் பற்றிய வழக்கு வந்தது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று தெரிந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றார்கள். உள்நோக்கத்தோடு சேர்ந்து செய்தால் கதை வேறு. தெருக் குரூப்பில் அசிங்கமாக ஒன்று வந்தால் அழியுங்கள், போட்டவரை எடுத்துவிடுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம்.

"நாம அனுப்புறத கவர்மெண்ட் பாக்காங்களா? மூணு டிக் வந்தா பாத்துட்டாங்கன்னு அர்த்தமாமே?"

மூன்று டிக், சிவப்பு டிக் எல்லாம் சுத்தப் பொய். அப்படி ஒரு டிக்கே வாட்ஸ்அப்பில் கிடையாது. இந்த ஃபார்வர்டு வருடத்துக்கு ஒரு தடவை உயிர் பெற்று வரும், எனக்கே பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள்.

வாட்ஸ்அப் செய்தி ஒரு போனில் பூட்டப்பட்டு இன்னொரு போனில்தான் திறக்கும். நடுவில் கம்பெனியாலும் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் இருக்கும். பேக்கப் எடுத்ததைப் பூட்டாமல் வைத்திருந்தால் அது வேறு கதை. போலீஸ் உங்கள் போனையே வாங்கித் திறந்தால் எல்லாமே தெரியும். கசிகிற செய்திகளில் பெரும்பாலானவை குரூப்பில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுப்பதால்தான் கசிகின்றன.

2021 விதிகள், 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள செய்தி ஆப்கள், நீதிமன்றமோ அரசோ கேட்டால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டும் என்கின்றன. வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கிறது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் நாங்கள் இருக்க மாட்டோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வக்கீல் அங்கே சொன்னார். முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எல்லோருடைய செய்திக்கும் அடையாளம் வைத்தாக வேண்டும். பிரவுசிங் சென்டரில் யார் எந்த நேரம் உட்கார்ந்தார் என்று 2011 விதிகளின்படி நோட்டுப் போட்டு எழுதியவள் நான். ஆதார் அட்டை நகலைக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் பார்க்கப்படும்போது சுருங்கித்தான் போகிறார்கள்.

"நெட்டையே மொத்தமா நிறுத்துறாங்களே, அது சட்டமா?"

இதை நான் பட்டே சொல்கிறேன். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் இரவிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட் போனது. துப்பாக்கிச் சூடு நடந்தது இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், எங்கள் கடையிலும் இருட்டு. அந்த வருடம்தான் பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் போடுகிற நாட்கள் அவை. பிள்ளைகளும் அப்பாக்களும் மார்க் ஷீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். சிலர் பஸ் ஏறி விருதுநகர் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸும் ஒழுங்காக ஓடாத நாட்கள்.

வதந்தியை நிறுத்தத்தான் நெட்டை நிறுத்தினோம் என்றார்கள். அந்த நாட்களில் வதந்தி நிற்கவில்லை, வாய்வழியாகப் போனது. டீக்கடையில் ஒருவர் நாற்பது பேர் என்பார், இன்னொருவர் நூறு என்பார். சரியா தவறா என்று பார்க்க இருந்த ஒரே வழியைத்தான் அடைத்திருந்தார்கள். மதுரைக் கிளை கேள்வி கேட்ட பிறகுதான் மற்ற இரண்டு மாவட்டத்திலும் முதலில் திறந்தார்கள், எங்களுக்குக் கடைசியில்.

சட்டம் இருக்கிறது. அப்போது 2017 விதிகள், இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 விதிகள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய நெட்டைப் பற்றிய அனுராதா பசின் வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும். அந்த வழக்கில் உத்தரவுகளை நீதிமன்றத்துக்கே அரசு முழுதாகக் காட்டவில்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். பிறகு ஒரு உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது என்று விதியிலேயே சேர்த்தார்கள். காஷ்மீருக்கு 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். இப்போது இட்லிக் கடையில்கூட ஜிபே. நெட் போனால் முதலில் அடிபடுவது அன்றாடம் சம்பாதிக்கிறவர்கள்.

"கவர்மெண்ட் எடுக்கல, கம்பெனியே எடுத்துட்டான். அதுவும் சென்சாரா?"

சட்டப்படி இல்லை. அரசியல் சட்டத்தின் 19 அரசைத்தான் கட்டுப்படுத்தும். கம்பெனி தன் வீட்டு விதியைச் சொல்லி எடுக்கலாம். அனுபவத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என் அண்ணன் மகள் நாட்டுக்கோழிக் குழம்பு வீடியோ போட்டாள். தலைப்பில் 'கொல்லுது பாருங்க காரம்' என்று எழுதியிருந்தாள். வன்முறை என்று சொல்லி ஒரு வீடியோ தளம் எடுத்துவிட்டது. முறையிட்டாள், மறுபடியும் அதே அச்சடித்த பதில். தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அதைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். நம் மொழியில் 'செத்தேன்', 'கொன்னுட்ட போ' என்பதெல்லாம் பாராட்டு. நம் பேச்சைத் தீர்மானிக்கிற இடத்தில் நம் பேச்சு தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய சலுகை இல்லை.

வழி ஒன்று இருக்கிறது. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளில் முடிவு தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள், 2023இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போடலாம், காசு கிடையாது. அதுவும் அரசு அமைத்த குழு என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இருந்தாலும் போடுங்கள்.

"வி.பி.என். போட்டுப் பாத்தா தப்பா?"

நம் நெட் இணைப்பை வேறொருவர் கணினி வழியாகச் சுற்றி அனுப்புவதுதான் வி.பி.என். பொதுவாக அதைப் பயன்படுத்துவதே குற்றம் என்று சட்டம் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை போட்டிருக்கிறார்கள். வி.பி.என். போட்டுச் செய்கிற குற்றம் குற்றம்தான். இலவச வி.பி.என். ஆப்களை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. உங்கள் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது.

"அப்ப பொய்யும் வெறுப்பும் பரவட்டும்னு விட்டுரணுமா?"

என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று 2018இல் ஒரு வாட்ஸ்அப் வதந்தி. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை ஊரே அடித்துக் கொன்றது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் சுற்றின. பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். பொய்க்கு உயிர்ப்பலி உண்டு என்பதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் 2018இல் உதவியது எது? வாட்ஸ்அப் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாமல் குறைத்தது. 2023இல் உதவியது, அந்த வீடியோ எங்கே எடுத்தது என்று தமிழ்நாடு போலீஸ் வெளிப்படையாக மறுத்துச் சொன்னதும், ஹிந்தியில் அதைப் பரப்பியதும். பொய் என்று பெயர் சொல்லி, காரணம் சொல்லி, வெளிச்சத்தில் செய்தார்கள். அதே 2023இல் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்தி பொய்யா இல்லையா என்று தானே முடிவு செய்யும் ஒரு உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக உட்கார முடியாது. கொலைக்குத் தூண்டும் பதிவைத் தடுக்க வேண்டும், இன்றே தடுக்க வேண்டும். தடுத்த பிறகு உத்தரவைக் காட்ட வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

"இவ்வளவு பேசுதீங்களே, நீங்க எந்தக் கட்சி?"

ஓட்டுப் போடுகிறேன், கொடி பிடிப்பதில்லை. மேலே சொன்னவற்றை வரிசையாகப் பாருங்கள். 66ஏ வந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில். விகடன் தளம் போனது பா.ஜ.க. ஆட்சியில். 1987 அ.தி.மு.க. ஆட்சி. நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றிக் கார்ட்டூன் போட்ட பாலாவை 2017இல் கைது செய்ததும் அ.தி.மு.க. ஆட்சிதான். 2021இல் ட்வீட்டுக்காக யூடியூபர் மாரிதாஸைக் கைது செய்தது தி.மு.க. ஆட்சி, ஐந்தே நாளில் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. மாரிதாஸ் பேசுவதில் எனக்கு உடன்பாடு துளியும் கிடையாது. அவர் கைதானபோது கைதட்டியவர்களிடம் நான் சண்டை போட்டேன். பாலா கைதானபோது அதே ஆட்களில் பாதிப் பேர் என் பக்கம் இருந்தார்கள், அதுதான் எனக்கு மனக்கஷ்டம்.

"என் பதிவ எடுத்துட்டாங்க. இப்ப நான் என்ன செய்யணும்?"

முதலில் ஸ்கிரீன்ஷாட். தேதி, நேரம், பக்கத்தின் முகவரி, வந்த மெயில், எல்லாம். மெயிலில் 'அரசின் கோரிக்கை' என்று இருக்கிறதா, 'எங்கள் விதி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி விதி என்றால் மேலே சொன்ன குறைதீர் வழி. அரசு என்றால், எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் என்று கம்பெனியிடமும் அமைச்சகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். 16ஆம் விதியைக் காட்டி மறுப்பார்கள் என்று தெரியும். அந்த மறுப்புக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டம் 226இன் கீழ் போக நேர்ந்தால், 'கேட்டேன், தரவில்லை' என்று காட்ட அது ஒரு காகிதம்.

"எதுக்கு வம்புன்னு நாமளே எழுதாம இருக்கோமேக்கா, அது யார் கணக்குல வரும்?"

இதைக் கேட்டவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. தெருவுக்குக் குடிதண்ணீர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்று முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு அடிக்க வந்திருந்தார். அடித்து முடித்ததும் வார்டு கவுன்சிலர் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பிறகு தெருப் பெயர். பிறகு தன் பெயரும் வேண்டாம், 'பொதுமக்கள்' என்று போடு என்றார். திரையில் கடைசியில் மிஞ்சியது, ஊரில் தண்ணீர் கஷ்டம் என்ற ஒரு வரி. யாரும் அவரைத் தடுக்கவில்லை, எந்தப் பிரிவும் இல்லை, எந்த உத்தரவும் இல்லை. யாரோ எவரோ மாட்டிய கதைகளைக் கேட்டுக் கேட்டு அவர் விரல் தானாக அழிக்கச் சொன்னது.

இந்தக் கணக்கில் ஒரு பங்கு, மேலே நான் சொன்ன ஒவ்வொரு காரணம் சொல்லாத தடைக்கும் உண்டு என்று நினைக்கிறேன். எதற்குப் பிடிப்பார்கள் என்று தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். தெரியாதபோது எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றுகிறது. நான் அவரிடம் அவசரப்படுத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய வரிகளைத் திரும்பக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினேன். இதில் பொய் எது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். தெருப் பெயரையும் வார்டு எண்ணையும் வைத்துக்கொண்டோம், கவுன்சிலர் பெயர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார், விட்டுவிட்டேன். கடைசியில் தன் பெயரைத் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மனு எண் குறுஞ்செய்தியாக அவர் போனுக்கு வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன்.